பிறை பார்த்துத் திறக்கும் பேணி

புறக்கோட்டை, கொழும்பு
10.8.1955

அன்புள்ள முனவ்வறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவு முடிந்து நல்லபடி வந்து சேர்ந்தேன். மட்டக்களப்பிலிருந்து ரயிலில் நின்றே வந்ததால் கால் கொஞ்சம் வீங்கியது, வேறு குறை இல்லை. உன் தலைவலி எப்படி? சுஹறாவின் இருமல் விட்டதா? மஜீட் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறானா?

புதினம் ஒன்று! எங்கள் ஃபேன்சிக் கடைக்கு ஜப்பான் சாமான் வந்து இறங்கியிருக்கிறது. பெட்டியை உடைத்தவன் நான்தான். நீ பார்த்திருக்க வேண்டும் முனவ்வறா! ஒவ்வொரு சாமானும் என்னைப் பார்த்துச் சிரித்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு விலை குறைவு என்று முதலாளி சொன்ன பிறகு கை சும்மா இருக்குமா? மீராமுகைதீனின் லொறி நம் ஊர்த் தறிச் சாறன்களை இறக்கிவிட்டு மருதமுனைக்குத் திரும்பியபோது ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினேன். குருவி வெளியே வந்து கூவும் மணிக்கூடு, சுடுதண்ணிப் போத்தல், மூன்று கட்டை டோர்ச், குலுக்கினால் உள்ளே பனி கொட்டும் கண்ணாடி உருண்டை. மருதமுனைக்குப் பனி எதற்கு என்று கேட்காதே. இல்லாத ஊருக்குத்தானே அனுப்ப வேண்டும்!

தேடி வந்த சாமானோடு போகிறவன் சும்மா வாடிக்கைக்காரன். தேடாததையும் தூக்கிக்கொண்டு போகிறவன்தான் என் வாடிக்கைக்காரன். கடையில் என் பெயர் இப்போது ‘ஆசைக் காலிதீன்’. என்னோடு ஒரே அறையில் இருக்கும் பாண்டிருப்புக் கனகரெத்தினம் வைத்த பெயர்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்களைக் காப்பான்.

உன் காலிதீன்


மருதமுனை
24.8.1955

அன்புள்ள மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கால் வீக்கத்துக்கு இரவில் உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். இங்கு எல்லாரும் சுகம். வழமைபோல சொல்வது நான், எழுதுவது உங்கள் மகள் சுஹறா. (வாப்பா, உம்மா கதைக்கிறபடியே எழுதினால் வாத்தியார் என் கையில் அடிப்பார். ஆகவே எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதுகிறேன். சுஹறா)

பெட்டி வந்தது. சுடுதண்ணிப் போத்தல் நம் வீட்டில் இது மூன்றாவது. சுடுதண்ணி குடிக்கிற ஆள்தான் இல்லை. மணிக்கூட்டுக் குருவி கூவும்போதெல்லாம் நம் பேட்டுக்கோழி தலையைத் தூக்கிப் பார்க்கிறது. நான்கு நாளாக முட்டை இல்லை.

கேளுங்கள். போன சனிக்கிழமை கல்முனைச் சந்தையில் மஜீட் ஒரு தகரக் குரங்கைக் கண்டான். சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் குரங்கு. வேண்டாம் என்றேன். சந்தை நடுவே விழுந்து உருண்டான். “வாப்பா மட்டும் கண்டதெல்லாம் வாங்குறார்தானே! எனக்கு மட்டும் ஏன் இல்ல?” என்றான். சந்தையே சிரித்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன் மச்சான். ஏழு வயதுப் பிள்ளை நியாயமாகத்தானே கேட்டான்!

வீட்டுக்கு வந்து நீங்கள் அனுப்பிய பிஸ்கட்டின் வெறும் தகரப் பேணி ஒன்றைக் கழுவி நடுவில் வைத்தேன். சட்டம் சொன்னேன். (இதை மட்டும் உம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.) “என்ன வேணும் எண்டாலும் சீட்டில எழுதி இதுக்குள்ள போடுங்க. ஒவ்வொரு பிறைக்கும் திறப்பம். அவங்கட சீட்ட அவங்கதான் பாக்கணும். வேணாம் எண்டா கிழிங்க. இன்னும் வேணும் எண்டா திரும்பப் போடுங்க. மூண்டு பிறை தாண்டியும் நிண்டா, அது ஆசை இல்ல, தேவை. அத வாசிச்சி வாங்குவம்.”

எழுதத் தெரியாத இடத்தில் மஜீட் படம் வரைகிறான். ஐந்து சீட்டுப் போட்டுவிட்டான். (ஏழு.)

வேளைக்குச் சாப்பிடுங்கள். வஸ்ஸலாம்.

முனவ்வறா


புறக்கோட்டை
4.9.1955

அன்புள்ள முனவ்வறாவுக்கும் என் எழுத்தாளர் சுஹறாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

கால் சரி. உப்புத் தண்ணீருக்கு நன்றி. கோழி முட்டையிடத் தொடங்கியதா?

உன் பேணிச் சட்டத்தைக் கனகரெத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “காலிதீன், உன்ட பெண்சாதி கொழும்புக்கு வந்தா நாங்க கடைய மூடவேண்டியதுதான்!” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் இந்தச் சட்டத்தில் சேர்கிறேன். மூன்று பிறை தாண்டி நிற்கும் சீட்டு யாருடையது என்றாலும், அதில் என்ன எழுதியிருந்தாலும், நான் நிறைவேற்றுவேன். வல்லாஹி, இது சத்தியம்! பிள்ளைகளுக்கு இதை உரத்து வாசித்துக் காட்டு.

என் பெயரிலும் ஒரு சீட்டுப் போடு. றேடியோ! பக்கத்துக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். மினுங்கும் மரப்பெட்டி, முன்னால் பொன்னிறச் சீலை. திருகினால் பச்சைக் கண் ஒன்று மெல்லத் திறக்கும். பெற்றரியிலும் ஓடும். உலகமே நம் வீட்டு அறைக்குள் வந்து கதைக்கும் முனவ்வறா! இன்னும் வாங்கவில்லை, சும்மா பார்த்து மட்டும் வைத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் என் துஆ.

காலிதீன்


மருதமுனை
21.9.1955

அன்புள்ள மச்சானுக்கு, அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

கோழி மணிக்கூட்டைப் பழகிவிட்டது. இப்போது குருவி கூவினால் இதுவும் பதிலுக்குக் கூவுகிறது.

சபர் மாதப் பிறையை மேற்கே வயல்கரையில் நின்று பார்த்தோம். முதலில் கண்டவன் மஜீட்தான். ஓட்டமாக வந்து பேணியைத் திறந்தான். குரங்குச் சீட்டைக் கிழித்தான். ‘அதுட மேளம் ஒடஞ்சி பொயித்தாம்.’ பந்து, பட்டம், கப்பல் எல்லாம் கிழிந்தன. ஒரு படத்தை மட்டும் தலைகீழாகவும் நேராகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது என்னடா?” என்று கேட்டேன். “தெரியா உம்மா. ஆனா அண்டைக்கு இது கட்டாயம் வேணும் எண்டு இரிந்திச்சி” என்றான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. சுஹறாவின் கூட்டாளி கைருன்னிஸாவின் உம்மா என்ன நடந்தது என்று வேலியால் எட்டிப் பார்த்தார். கதையைச் சொன்னேன். அன்றிரவே அவர்கள் வீட்டிலும் ஒரு பேணி ஏறிவிட்டது.

உங்கள் சத்தியத்தைச் சுஹறா உரத்து வாசித்துக் காட்டினாள். றேடியோச் சீட்டும் போட்டாயிற்று. சுஹறாவும் அன்றுதான் முதல் சீட்டுப் போட்டாள். நாலாக மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிப் போட்டிருக்கிறாள். என்ன என்று கேட்டால் சிரிக்கிறாள். (உம்மாவையும் ஒரு சீட்டுப் போடச் சொன்னேன் வாப்பா. எழுதத் தெரியாதவளுக்குச் சீட்டு எதற்கு என்றார்.)

ஊரில் மழை வாடை அடிக்கிறது. உங்கள் குடையை மறந்து திரியாதீர்கள். வஸ்ஸலாம்.

முனவ்வறா


புறக்கோட்டை
2.10.1955

அன்புள்ள முனவ்வறா, ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் துடிக்கிறது.

ஒட்டிய சீட்டா! எனக்கா இந்தச் சவால்? கடை வாசலில் கால் வைக்கும்போதே ஆள் எதற்கு வந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். பதினொரு வயதுப் பெண்பிள்ளையின் சீட்டைச் சொல்ல முடியாதா? படுக்க வைத்தால் கண் மூடும் பொம்மை! போன தடவை நான் அதைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன். மூன்று பிறை எதற்கு, இப்போதே லொறியில் ஏற்றிவிட்டேன். நீலச் சட்டை போட்ட பொம்மை. சீட்டைத் திறந்து நான் சொன்னது சரி என்று எழுது!

கிழக்கே இந்தக் கிழமை மழை என்று நேற்று வானொலியில் சொன்னார்கள். கனகரெத்தினத்தின் அறைக்குப் போய்க் கேட்டேன். பச்சைக் கண் அப்படியே உயிர்க் கண் போல இருக்கிறது.

விறகை நனையாமல் எடுத்து வை. அல்லாஹ் காவல்.

காலிதீன்


மருதமுனை
20.10.1955

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம். நாங்கள் சுகம். மஜீட்டுக்கு மட்டும் மூன்று நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

பொம்மை வந்தது. அழகுதான். சுஹறா தலைமாட்டில் வைத்திருக்கிறாள். ஆனால் பிறை கண்டதும் அதே சீட்டை ஒட்டுப் பிரிக்காமல் திரும்பப் போட்டுவிட்டாள். நீங்கள் தோற்றீர்கள். (வாப்பா, நீங்களும் கனகரெத்தினம் மாமாவும் ஒரே அறை என்றுதானே எழுதினீர்கள்? பிறகு அவருடைய அறைக்கு எப்படிப் போனீர்கள்?)

மஜீட் இந்தப் பிறைக்கு ஒரே ஒரு சீட்டுத்தான் வைத்திருந்தான், ஒரு சோடிச் செருப்பு. காலைப் பார்த்தேன். பழையதில் பெருவிரல் வெளியே நிற்கிறது. எனக்கே வெட்கமாகப் போயிற்று. மூன்று பிறை காக்க வைக்காமல் வாங்கிக் கொடுத்தேன்.

வேறு ஒன்று. தலைமை வாத்தியார் வீட்டுக்கு வந்தார். டிசம்பரோடு சுஹறாவுக்கு ஐந்தாம் வகுப்பு முடிகிறது. அதற்கு மேல் படிக்கிறதென்றால் கல்முனைக்குத்தான் போக வேண்டும். நம் தெருவில் எந்தப் பெண்பிள்ளையும் இதுவரை போனதில்லை. பிள்ளை வளர்கிறாள், நடுத் தெருவால் நடந்து போக விடமாட்டார்கள். திரை கட்டிய மாட்டு வண்டில் வேண்டும். வாப்பாவின் சம்மதத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று வாத்தியார் சொன்னார். கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதுகிறபடி.

மழைக்குள் நனையாதீர்கள். வஸ்ஸலாம்.

முனவ்வறா


புறக்கோட்டை
2.11.1955

அன்புள்ள முனவ்வறா, அஸ்ஸலாமு அலைக்கும். மஜீட்டின் காய்ச்சல் விட்டது கேட்டு ஆறுதல்.

பொம்மை இல்லையா? அப்படியானால் கொலுசு! வெள்ளிக் கொலுசு, மணி மூன்று மூன்றாகக் கோத்தது. இதைப் போல மருதமுனையில் எந்தக் காலிலும் இருக்காது. மீராமுகைதீனிடம் கொடுத்துவிட்டேன். இதுவும் இல்லை என்றால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்!

வாத்தியார் கேட்டதற்குப் பதில். பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் போதும். கடிதம் எழுதத் தெரிகிறது, கூட்டல் கழித்தல் தெரிகிறது. அதற்கு மேல் படிப்பது ஆசை, தேவை இல்லை. நீ போட்ட சட்டம்தானே இது! நாலு பேர் வாய்க்குள் பிள்ளையை ஏன் போட வேண்டும்? வாத்தியாருக்கு என் ஸலாம் சொல்லு.

கொலுசு போட்டுப் பார்த்ததும் எழுது. ஆவலாக இருக்கிறேன்.

காலிதீன்


மருதமுனை
18.11.1955

மதிப்புக்குரிய காலிதீன் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் சுகம் அறிய ஆவல்.

இதை எழுதுவது தபால்காரன் சாமித்தம்பி. உங்கள் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு வெளியே நின்று எழுதுகிறேன். உங்கள் மனைவியார் கதவுக்கு உள்ளே நின்று சொல்கிறார். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், மாற்றவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி அவர் வார்த்தை:

“மச்சான், நாங்க சுகம். புள்ள பள்ளிக்கூடத்துக்குப் பொயித்தா. அதுதான் இப்ப சொல்றன். அவட கையால எழுத ஏலாத கதை இது.

உங்கட கடிதத்த அவதான் எனக்கு வாசிச்சா. அஞ்சாம் வகுப்புப் போதும் எண்டு நீங்க எழுதின இடம் வந்திச்சி. குரல் ஒரு சொட்டும் மாறல்ல. ஆசை, தேவை இல்ல எண்டதையும் வாசிச்சா. வாசிச்சி முடிச்சி, மடிச்சி, என்ட கையில தந்தித்து கிணத்தடிக்குப் பொயித்தா. முகம் கழுவப் போறன் எண்டா. முகம் கழுவ அவ்வளவு நேரம் எடுக்குமா மச்சான்?

கொலுச ஒருநாள் போட்டா. நீங்க மனம் நோவீங்க எண்டுதான் போட்டா. முந்தநாள் பிறைக்கு அந்தச் சீட்டத் திரும்பப் போட்டுட்டா. அதுக்குள்ள என்ன இரிக்கு எண்டு நான் பாக்கல்ல. பாத்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா பெத்தவளுக்குத் தெரியும்.

நாம கலியாணம் முடிச்சி பன்ரண்டு வருசம். இவ்வளவு காலத்தில உங்களுக்கு எண்டு நான் தனியா ஒரு வரி எழுதினதில்ல. முதல்ல உங்கட தங்கச்சி எழுதித் தந்தா. மறுகா மகள் எழுதினா. இப்ப இந்த மனிசன் மழைக்க நிண்டு எழுதுறார். உங்களோட கோவிக்கிறதுக்கும் எனக்கு ஒராள் வேணும். மனசு உங்களத் தேடுது எண்டு சொல்றதுக்கும் ஒராள் வேணும். வேலிக்கு அங்கால நிக்கிற ஆள வெச்சித்து நான் என்னத்தச் சொல்ல? எழுத்து ஆசையா தேவையா? அதையும் நீங்களே சொல்லுங்க.”

இவ்வளவும் அவர் சொன்னது. வாக்கை மீறி ஒரு வரி என் சொந்தம். இந்தத் தெருவில் பதினொரு வீட்டில் கடிதத்தைக் கொடுப்பவனும் நான்தான், வாசித்துக் காட்டுபவனும் நான்தான். வீட்டுக்குள் ஒரு பிள்ளை வாசிக்கிறது உங்கள் வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் மட்டுந்தான்.

இங்ஙனம்,
சாமித்தம்பி


மருதமுனை
17.12.1955

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம். உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம். சுகமில்லையோ என்று பயந்தோம். நீங்கள் நல்ல சுகம், கடைக்குப் போய் வருகிறீர்கள் என்று மீராமுகைதீன் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

(வாப்பா! உம்மா சொல்ல முதலே நான் எழுதப் போகிறேன். மூன்றாம் பிறை! முந்தநாள் வயல்கரையில் மழை இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. மாதத்தை முப்பதாகப் பூர்த்தியாக்கச் சொல்லிவிட்டார் பள்ளிவாசல் லெப்பை. இன்னும் ஒரு நாளா! எனக்குச் சோறு இறங்கவில்லை. மஜீட் ஓலைக் குடைக்குள் நின்றுகொண்டு “பிறையே, சும்மா வாவன்!” என்று கத்தினான்.)

நேற்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு திறந்தோம். கைருன்னிஸாவும் அடுத்த வளவு சுல்பிகாவும் தங்கள் தங்கள் பேணியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடி வந்துவிட்டார்கள், பின்னாலேயே அவர்களின் உம்மாமாரும். சுஹறாவின் சீட்டில் சோற்றுப் பசை இறுகிப் போய்ப் பிரிக்க முடியவில்லை. சுடுதண்ணிப் போத்தலில் கொதிநீர் ஊற்றி, அதன் வாயால் வந்த ஆவியில் பிடித்தோம். மச்சான், உங்கள் மூன்று போத்தலில் ஒன்றுக்கு முதன்முதலாக வேலை கிடைத்தது!

பிரிந்தது. வாசி என்றேன். அவள் சீட்டை மஜீட்டின் கையில் வைத்தாள். மஜீட்தான் எழுத்துக் கூட்டி வாசித்தான். “ஆ-றா-ம் வ-கு-ப்-பு.” வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உடனே கைருன்னிஸா தன் சீட்டை நீட்டினாள். அதிலும் அதுதான். சுல்பிகாவுடையதிலும் அதுதான்! பள்ளிக்கூடத்து நாவல் மரத்தடியில் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள், கள்ளிகள். (ஓம் வாப்பா.) மூன்று உம்மாமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினோம். கலந்தர் காக்காவின் கூடார வண்டிலைக் கேட்டுவிட்டேன். “நாலு புள்ள சேந்தா வண்டில் வரும், மூண்டுக்கு மாட்டத் தட்டமாட்டன்” என்கிறார். என் பங்குக் கூலியைத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துச் சமாளிப்பேன்.

நேற்றோடு உங்கள் றேடியோச் சீட்டும் மூன்று பிறை தாண்டிவிட்டது. சட்டம் சட்டம்தான். உங்களுடையதும் தேவை, அவளுடையதும் தேவை. சத்தியம் உங்களுடையது. எதை எழுதுகிறீர்களோ அதை நாங்கள் கேட்கிறோம்.

கடிதம் கண்டதும் எழுதுங்கள். வஸ்ஸலாம்.

முனவ்வறா


மருதமுனை
27.12.1955

அன்புல்ல வாப்பா, ஸலாம். நான் சுகம். நீங்க சுகமா.

இத நானே எழுதுறன். சுஹறா ராத்தா பிழை திருத்த வேணாம் எண்டுட்டன். வாப்பா, வல்லாஹி எண்டா வல்லாஹி தானே. எனக்கு செருப்பு வந்திச்சி. ராத்தாக்கு ஏன் இன்னும் வரல்ல. உம்மா ஒவ்வொரு நாளும் சாமித்தம்பி மாமாட மணி கேட்டா வாசலுக்கு ஓடுறா. ராத்தா ஓடுறல்ல. உள்ளுக்கு நிண்டு கேக்குறா.

கோழி குஞ்சி பொரிச்சிட்டு. ஒம்பது.

மஜீட்


புறக்கோட்டை
2.1.1956

அன்புள்ள முனவ்வறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு சுகம். மனது இன்றுதான் சுகம்.

சாமித்தம்பியின் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நான் பேசினது பிழை, என்னை மன்னித்துக்கொள், உன்னைத் தேடுகிறது என்றெல்லாம். பேனையைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, இதை உனக்கு வாசித்துக் காட்டப் போகிறவள் சுஹறா. அவள் வாயால் உனக்கு நான் என்ன சொல்வேன்? அவளைப் பற்றி அவளிடமே எப்படிக் கேட்பேன்? தாளை மடித்து வைத்தேன். மறுநாளும் எடுத்தேன், மறுநாளும் மடித்தேன். ஒன்றரை மாதம், முனவ்வறா. நீ பன்னிரண்டு வருடமாக எங்கே நின்றாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இப்போது வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மகளே, உரத்து வாசி. உன் உம்மாவை எனக்குத் தேடுகிறது.

இன்னொன்றும் ஒளித்தேன். சுஹறா மோப்பம் பிடித்துவிட்டாள். கனகரெத்தினத்துக்கு வேறு அறை இல்லை. றேடியோ என்னுடையது. ‘இன்னும் வாங்கவில்லை’ என்று உனக்கு எழுதும்போது அது என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. முதல் பிறைக்கு ஒவ்வொரு நாளும் பச்சைக் கண் திறந்தது. இரண்டாம் பிறைக்குச் செய்தி மட்டும். மூன்றாம் பிறைக்கு அதன்மேல் துவைத்த சாறனை மடித்து வைத்திருந்தேன். நீங்கள் அங்கே சீட்டை வைத்துப் பார்த்தீர்கள், நான் இங்கே சாமானையே வைத்துப் பார்த்துவிட்டேன். என் சீட்டைக் கிழித்துவிடுங்கள். கனகரெத்தினம் றேடியோவைக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டான். வண்டில் கூலிக்கு இனி நீ நூல் சுற்ற வேண்டியதில்லை.

மகளே, வாத்தியார் வந்ததை உம்மா சொல்லி நீ எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அடைப்புக்குறி போட்டு வாய் காட்டுகிறவள், அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் செருகவில்லை. கடை வாசலில் வருகிறவர் மனதையெல்லாம் படிக்கிற நான் அதைப் படிக்காமல் விட்டேன். வாத்தியாரிடம் சொல், வாப்பாவுக்குச் சம்மதம். முழுச் சம்மதம்! நாலாவது பிள்ளை கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்கும் நான் கூலி கொடுக்கிறேன் என்று கலந்தர் காக்காவிடம் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விசயம். வண்டிலுக்குத் திரைச் சீலை வேண்டும். முன்பக்கம் எத்தனை முழம், பின்பக்கம் எத்தனை முழம்? கூடார வளைவு எவ்வளவு உயரம்? என்ன நிறம் பிடிக்கும்? அளந்து எழுதுங்கள். அளவு தெரியாமல் இந்த முறை நான் ஒன்றும் வாங்கமாட்டேன்.

காலிதீன்


மருதமுனை
8.1.1956

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம், ஒன்பது குஞ்சும் சுகம்.

இன்றைக்குச் சொல்வதும் நான்தான், எழுதுவதும் நான்தான். உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். “உம்மாவை எனக்குத் தேடுகிறது” என்ற இடத்தை உரத்து வாசிக்கச் சொல்லியிருந்தீர்கள். வாசித்தேன். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு “இன்னொருக்கா வாசி” என்றார். மூன்று தரம் வாசித்தேன் வாப்பா!

சம்மதம் என்ற இடத்தை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. மஜீட் பறித்து வாசித்தான், தெருவுக்கே கேட்டது. நான் கிணற்றடிக்குப் போகவில்லை. எல்லாருக்கும் முன்னாலேயே அழுதேன்.

நாலாவது ஆளும் கிடைத்துவிட்டது. ஓடக்கரையில் இருக்கிற உம்மு. அவள் வீட்டில் பேணி இல்லை, தன் வாப்பாவின் புகையிலைப் பெட்டிக்குள் சீட்டுப் போட்டிருந்தாளாம். பதினாறாம் திகதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றமும் கடைகளும் அந்தக் கிழமைதான். ‘கடையெல்லாம் பாத்தித்து மட்டும் வாறன், ஒண்டும் வேணாம்’ என்கிறான் மஜீட். ஆனால் நேற்று ஒரு சீட்டு வரைந்து கொண்டிருந்தான், யானை போல இருந்தது.

அளவு: முன்பக்கம் மூன்று முழம், பின்பக்கம் மூன்று முழம், உயரம் இரண்டரை. எல்லாம் உம்மாவின் முழம். அவரே வண்டிலுக்குள் ஏறி அளந்தார். அளந்து முடிந்தும் இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். “இறங்குங்க உம்மா, மாடு நிக்குது” என்றேன். “இரி புள்ள, பள்ளிக்கூடம் போற மாதிரி இரிந்து பாக்கன்” என்றார். நிறம் பச்சை.

இன்னொரு புதினம். உம்மா நேற்று ஒரு சீட்டுப் போட்டார். நாலாக மடித்து, சோறு வைத்து ஒட்டியது. எழுதியது நான் இல்லை. சாமித்தம்பி மாமாவும் இல்லை. பத்து நாளாக அடுப்புக் கரியால் என் பழைய சிலேற்றில் என்னவோ கிறுக்கிக் கொண்டிருந்தார், இப்போதுதான் விளங்கியது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

“மூண்டு பிறை பொறு. நானே வாசிப்பன்” என்றார்.

வஸ்ஸலாம்.

உங்கள் மகள் சுஹறா
ஆறாம் வகுப்பு